தொண்டையைச் செருமினா சிரிக்கணும்

அரசாங்கம் புதுசா ஒரு சட்டம் போட்டுச்சு. சின்னப் புள்ளைங்களுக்கு இனிமே எழுத்தும் கிடையாது, கணக்கும் கிடையாது, விளையாட்டுதான் பாடம். அதுவும் புள்ளைங்க தானா விளையாடணும். விளையாடாத வகுப்ப மூடிட்டு, பெரிய பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க.

பாலர் வகுப்பு டீச்சர் பயந்துட்டாங்க. "கையக் கட்டு, வாயப் பொத்து"ன்னு சொல்லியே காலத்த ஓட்டினவங்க. வகுப்பு போச்சுன்னா பெரிய பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வெச்சுடுவாங்க. புள்ளைங்க சத்தம் இல்லாம அவங்களால ஒரு நாள் இருக்க முடியாது. அந்தச் சத்தத்த அடக்குறதுக்காவது அவங்களுக்கு அது வேணும்.

"இதுக்கு ஏன்டி பயப்படற? அவுத்து விட்டா தானா விளையாடிட்டுப் போகுது"ன்னாரு பஸ் ஓட்டுற வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. அதிகாரி வந்து பாக்கறப்போ தானா விளையாடலைன்னா? சொல்லிக் குடுக்க வேணாம்?"

"தானா விளையாடறதுக்கு ஒத்திகையா? வெளங்கிடும்!"

ஒத்திகை ஜோரா நடந்துச்சு. மொட்டை போட்ட பையனுக்கு மணல் வாளி. வாயாடிப் பொண்ணுக்கு மரக்கட்டை. மத்ததுங்களுக்கு பொம்மை.

"நான் தொண்டையச் செருமினா எல்லாரும் சிரிக்கணும். இல்லேன்னா அதிகாரி வகுப்ப மூடிடுவாங்க. புரியுதா?"

"டீச்சர், நான் வீடு கட்டட்டுமா?"ன்னா வாயாடி.

"உனக்குக் கோபுரம். கட்டு, இடி, மறுபடி கட்டு."

"அப்ப எப்ப டீச்சர் விளையாடறது?"

"இதுதான்டி விளையாட்டு!"

அதிகாரி வந்தாங்க. முட்டி வலிக்காரி. நொண்டி நொண்டி வந்து, "அம்மாடி"ன்னு ஒரு குட்டி நாற்காலியில உக்காந்தாங்க. டீச்சர் செருமினாங்க. மொத்த வகுப்பும் ஒரே குரல்ல சிரிச்சுட்டு, கப்புனு நிறுத்திடுச்சு. அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"என்னம்மா இது?"

"சந்தோஷம், மேடம்."

மணல் தூசியில அதிகாரிக்கு இருமல் வந்துச்சு. செருமல்னு நெனச்சு வகுப்பு சிரிச்சுது. மறுபடி இருமினாங்க, மறுபடி சிரிப்பு. மொட்டை மட்டும் வட்டி கட்டப் போறவன் மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு மணல அள்ளிக் கொட்டிக்கிட்டே இருந்தான்.

"என்ன கண்ணு விளையாடற?"

"விளையாடல. டீச்சர் குடுத்த வேலை. முடிஞ்சதும் விளையாடுவேன்."

டீச்சர் மூஞ்சியில ஈயாடல. அதிகாரி அவங்கள வெளிய கூட்டிட்டுப் போய், கதவச் சாத்தினாங்க.

"மூடச் சொல்லித்தான்மா நான் எழுதணும். வேற வழியில்ல."

அப்பதான் உள்ள அமளி கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க.

வாயாடி, டீச்சரோட கைப்பைய தோள்ல மாட்டிக்கிட்டு, இடுப்புல கை வெச்சு நின்னா. "ஏய் பொம்மை! ஒழுங்கா தூங்க வை! மணல்! இன்னும் வேகமா! நான் செருமினா சிரிக்கணும், தெரியுதா?"

மொட்டை நொண்டிக்கிட்டே வந்தான். "அம்மாடி, என் முட்டி!"ன்னு நாற்காலியில விழுந்து, லொக்கு லொக்குன்னு இருமினான். புள்ளைங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு உருண்டுதுங்க. இந்தச் சிரிப்ப யாரும் சொல்லிக் குடுக்கல.

"டேய்!"ன்னு டீச்சர் கதவுப்பக்கம் பாய்ஞ்சாங்க. அதிகாரி கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"இப்ப நீங்க உள்ள போனீங்கன்னா, வகுப்பு போச்சு."

டீச்சர் அப்படியே நின்னாங்க.

உள்ள மொட்டை கேட்டான்: "என்னம்மா, வகுப்ப மூடிடலாமா?"

"மூடாதீங்க, மேடம். எங்க டீச்சர் நல்லவங்கதான். விளையாடத்தான் தெரியாது"ன்னா வாயாடி.

அதிகாரி பேனாவ எடுத்துப் பைக்குள்ள போட்டாங்க. "வகுப்பு இருக்கட்டும்மா. ஆமா... நான் நெஜமாவே அப்படியா நடக்கறேன்?"

டீச்சருக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. செருமணும் போல இருந்துச்சு. செருமினா உள்ள எல்லாம் கெட்டுடும். ஜன்னலோரமா, வாயப் பொத்திக்கிட்டு நின்னாங்க.