விருந்தோம்பலுக்கு நிதி கிடையாது

கிளேர் என்ற அந்த அதிகாரி மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்ற வேளையிலேயே அவளுடைய தோளில் முதல் பொன்னாடை விழுந்துவிட்டது. போர்த்தியவர் தென்கிழக்குத் தமிழர் நல்வாழ்வு ஒன்றியத்தின் தலைவர் மகேந்திரராஜா. இரண்டாவதை உபதலைவர் போர்த்தினார். மூன்றாவது யார் கையால் என்பதில் பொருளாளருக்கும் முன்னாள் தலைவருக்கும் முதல் நாளே மனஸ்தாபம் வந்திருந்ததால், ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவருமாகப் போர்த்தினார்கள். மாநிலத் தன்னார்வச் சேவை ஆணையத்திடம் கிராண்ட் நிதி கேட்ட சங்கங்களை நேரில் பார்த்துப் போக வந்தவளுக்கு, மெல்பேர்ணின் பெப்ரவரிக் கோடை வெயிலில் மூன்று சால்வைகளுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துப் பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பிறகு குத்துவிளக்கு ஏற்றினார்கள். முதல் திரியை அவள் ஏற்ற, மீதித் திரிகளுக்கு ஆட்கள் கூடிப்போனதால் இரண்டு திரிகள் இரண்டு முறை ஏற்றப்பட்டன.

பின்பக்கக் குசினியில் நின்ற யோகா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாய் அடுப்பு. ஒரு வாயில் சொதி, அடுத்ததில் கத்தரிக்காய் பால்கறி, இன்னொன்றில் இடியப்பத்துக்கு நீராவி என்று ஒரே நேரத்தில் எல்லாம் ஆகிக்கொண்டிருந்தது. பல வருடங்களாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் டண்டினோங், நோபல் பார்க் பக்கம் தனியே இருக்கிற வயதானவர்களுக்கு அவள் தன் வீட்டில், இரண்டு வாய் மட்டும் ஒழுங்காக எரிகிற அடுப்பில்தான் சமைத்து அனுப்பி வந்தாள். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. வியாழன் அவளுக்கு ஓய்வு நாள். மலேசியாவின் கிளாங்கிலிருந்து வந்த தனேஸ்வரி காய் வெட்ட வருவாள். டாக்ஸி ஓட்டுகிற கேதீஸ்வரன் டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுப்பான். அவ்வளவுதான் படை. யாரும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கவில்லை.

பெயர் வைத்தவர் மகேந்திரராஜா. டப்பா ஒன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, 'எமது ஒன்றியத்தின் அன்னச் சேவை' என்று முகநூலில் போட்டார். அதற்கு விழுந்த நானூறு லைக்குகளில் ஒன்று கவுன்சிலின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்யும் யாரோ ஒருவருடையதாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே ஒரு பெண் வந்து, அடுப்பையும் பூனையையும் பார்த்துவிட்டு, பதிவு செய்த குசினியில் சமைக்காமல் இப்படி ஊருக்கு அனுப்ப முடியாது என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஈஸ்டர் வரை தவணை. மண்டபத்துக் குசினி பதிவு செய்தது. அதற்கு வாடகை வேண்டும். கிராண்ட் கிடைத்தால் வியாழக்கிழமை நடக்கும், கிடைக்காவிட்டால் நின்றுபோகும். யோகாவுக்கு விளங்கிய அளவில் விஷயம் இவ்வளவுதான்.

அவளுடைய மனதில் ஓடியது நோபல் பார்க்கின் ஒரு யூனிட். அருமைநாதன் அங்கிள். பினாங்கிலிருந்து வந்து, பிள்ளைகளைப் பேர்த்துக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, மனைவி மார்கரெட் காலமானபின் வாசலைத் தாண்டாதவர். தேவாலயத்துக்கும் போவதில்லை. வியாழனன்று மட்டும் கதவைத் திறப்பார். போன வார டப்பாவைக் கழுவித் துடைத்து, அதற்குள் தன் மரத்து எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துத் திருப்பிக் கொடுப்பார். பழமில்லாத காலத்தில் ஒரு இலையாவது இருக்கும். கேதீஸ்வரனிடம் அவர் பேசுகிற வார்த்தைகள் ஒரு வாரத்துக்கு நாலைந்து. அந்த நாலைந்தும் அவருக்கு அந்த வாரத்தின் மொத்தப் பேச்சு என்பதை யோகா கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

பேச்சுகள் முடிந்து, கிளேர் பொன்னாடைகளோடு குசினிக்கு வந்தாள். வாசனைக்கு முகம் மலர்ந்தது. நல்ல பெண். யோகாவிடம் கேட்டாள்: நீங்கள் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் தொண்டு செய்கிறீர்கள்?

ஆங்கிலம் யோகாவுக்கு நன்றாக விளங்கும். கேள்விதான் கூச்சமாக இருந்தது. ஊருக்குள் செய்ததைச் செய்தேன் என்று தன் வாயாலே சொல்வது அவள் வளர்ந்த வீட்டில் கேட்டிராத பழக்கம். தொண்டர் என்றால் அவளுக்குக் கேரம் டவுன்ஸ் கோயில் தேரன்று கயிற்றுக்குள் நின்று விசில் ஊதுகிறவர்கள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழாக்கினால் இவ்வளவுதான்.

"இல்லை இல்லை, நான் வொலன்டியர் இல்லை. சும்மா வீட்டில சமைக்கிறதுதானே. அவையள் எங்கட ஆக்கள். குடும்பம் மாதிரி."

கிளேர் அதைக் குறித்துக்கொண்டாள். அடுத்து தனேஸ்வரி. கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே, தான் பொழுது போகாமல் வந்து நிற்பதாகச் சொன்னாள். கேதீஸ்வரன் அதையும் மிஞ்சினான். அந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போகிறேன், வழியில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். அவனுடைய வீடு பெரிக்கில். நோபல் பார்க் நேர் எதிர்த் திசை. மூவருமாகச் சேர்ந்து ஒரு அரசாங்க அதிகாரியிடம், தாங்கள் ஒன்றுமே செய்வதில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தார்கள்.

கிளேர் போனபின் தனேஸ்வரி சிரித்தாள். "மணி கேக்குதுக்கா. நம்மளை என்ன ஃபேக்டரியில வச்சிருக்காங்களா? சும்மாதான் வந்தேன்னு சொல்லிட்டேன்லா."

முன்னால் மண்டபத்தில் கமிட்டி அங்கத்தவர்கள் பதினொரு பேரும் வரிசையாகக் கதிரைகளில் அமர்ந்து பதில் சொன்னார்கள். செயலாளர் பிரதீப்குமார் கோயம்புத்தூர்க்காரர், பெரிய கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். இதற்கென்றே அவர்களுக்கு இரண்டு மாலை ஜூமில் ஒத்திகை வைத்திருந்தார். சமைக்கிறவர்களை அவர் கூப்பிடவில்லை. அவர்களுக்கு வேலை இருக்கும் என்று. கூட்டம், கூட்டத்துக்கு முந்திய கூட்டம், கூட்டத்துக்குப் போகும் வழியில் காருக்குள் யோசித்த நேரம், வாட்ஸப் குழுவில் சண்டை பிடித்துப் பின் சமாதானமான நேரம், எல்லாவற்றையும் ஒத்திகைப்படி சொன்னார்கள். பொருளாளர் கால் மணித்தியாலங்களையும் விடவில்லை. கிளேரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் முடிவு வந்தது. ஒன்றியம் தெரிவாகியிருந்தது. மகேந்திரராஜா யோகாவுக்குத் தானே தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, கிடைச்சிட்டுது. சிட்டியில விழா. சீலை உடுத்துக்கொண்டு வாங்கோ."

யோகா மண்டபத்துக் காவலாளியிடம் வியாழக்கிழமைகளை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். ஆறு வாய்க்கும் ஏற்றபடி இரண்டு பெரிய சட்டி வாங்கினாள். அருமைநாதனுக்குக் கேதீஸ்வரன் மூலம், இனிப் பயமில்லை என்று சொல்லியனுப்பினாள். அவர் அந்த வாரம் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

விழா ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நடந்தது. ஆணையத்தின் தலைவி, தன்னார்வம்தான் இந்த மாநிலத்தின் இதயத் துடிப்பு என்று பேசினார். அவருக்குச் சம்பளம் உண்டு. ஒன்றியத்தின் பெயர் வாசிக்கப்பட்டபோது யோகா கையை உயர்த்தித் தட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது. மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது சாப்பாட்டைப் பற்றி அல்ல. 'தன்னார்வத் தலைமைத்துவத்தை வலுப்படுத்தல்' என்ற பிரிவின் கீழ், தென்கிழக்குத் தமிழரின் பதினொரு அயராத தொண்டர்களுக்கு, யாரா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தோடு கூடிய ஹோட்டலொன்றில் இரண்டு நாள் பயிற்சி முகாம். களைப்பு நீக்கும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்து. மகேந்திரராஜா மேடையேறி, ஆளுயரக் காசோலை அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்திலும் ஒரு திகைப்பு இருந்தது. ஆனால் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அது சிரிப்பாகவே விழுந்தது.

தேநீர் மேசையருகே கிளேரே யோகாவைத் தேடி வந்தாள். அந்தச் சொதியை மறக்கவில்லை என்றாள். யோகா வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டாள். கிளேர் கலங்கிப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். தொண்டர்களின் நேரத்தை வைத்துத்தான் தெரிவுக் குழு புள்ளி போடும். சாப்பாட்டில் தொண்டர் என்று ஒருவருமே இருக்கவில்லையே, நீங்களே குடும்பம் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டாள். குடும்பத்துக்குச் சமைப்பது விருந்தோம்பல். அது அழகான விஷயம். ஆனால் ஆணையம் விருந்தோம்பலுக்கு நிதி கொடுப்பதில்லை. அடுத்த சுற்று அடுத்த வருடம். அதற்குள் கொஞ்சம் தொண்டர்களைத் திரட்டிக்கொள்ளுங்கள்.

யோகாவின் கையில் காகிதக் கோப்பை இருந்தது. அவள் அதைக் குடிக்காமலே கிளேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளேர் திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள். பொய் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். தான் சொன்ன வார்த்தையையே ஒரு எழுத்தும் பிசகாமல், மரியாதையோடு, பிஸ்கட் தட்டையும் நீட்டிக்கொண்டு ஒருத்தி திருப்பித் தருகிறாள்.

திரும்புகிற வழியில் பிரதீப்குமார் கார் ஓட்டினார். பின் இருக்கையில் யோகாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காசோலை அட்டை. குறுக்கே வைத்தும் நீளம் போதாமல் அதன் ஒரு மூலை முன் இருக்கையில் இருந்த தலைவரின் காதை உரசிக்கொண்டிருந்தது. ரூல்ஸ் அப்படி, யாரும் தப்பு பண்ணல என்று பிரதீப்குமார் இரண்டு முறை சொன்னார். மகேந்திரராஜா அட்டை மூலையைக் காதிலிருந்து தள்ளிவிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, குறை நினைக்கக் கூடாது. அந்த ரிட்ரீட்டுக்கு... ஹோட்டல் சாப்பாடு எங்கட ஆக்களுக்கு ஒத்துவராது. நீங்கள் ஒரு புட்டும் கறியும் கட்டித் தந்தியள் எண்டால்..."

யோகா அட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"பிரதீப் தம்பி, வீட்டுக்கு வாற விருந்தாளியளுக்குச் சமைக்கிறதுக்கும் கவுன்சில்ல பதிய வேணுமோ?"

"வீட்டு விருந்துக்கு எதுக்குக்கா? அது உங்க வீடு, உங்க கெஸ்ட்."

"அப்ப சரி" என்றாள் யோகா. புட்டுக்குத்தான் அந்தச் சம்மதம் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

ஈஸ்டர் கழிந்த முதல் வியாழன் காலை, யோகாவின் வீட்டுக்கு முன் புல்தரையில் கார்கள் ஏறி நின்றன. வாக்கர்களும் கைத்தடிகளும் வாசலில் குவிந்தன. ஒருவருக்கொருவர் டப்பாவால் மட்டும் உறவானவர்கள் இப்போதுதான் முகம் பார்த்தார்கள். யாருக்கு உப்புக் குறைவு, யாருக்குக் குத்தரிசி என்று யோகாவுக்குத் தெரிந்த அளவுக்கு யார் யாரோடு பேச மாட்டார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. தேவராஜா மாஸ்டர் முப்பது வருடமாகத் தவிர்த்து வந்த தன் மச்சானுக்குப் பக்கத்திலேயே இருக்க நேர்ந்தது. கதிரை போதவில்லை. மேசை அதைவிடப் போதவில்லை. சிலர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொதிக்கு வழி தேடினார்கள்.

அந்த நேரம் மகேந்திரராஜா வந்தார், காசோலை அட்டையோடு. அதை வீட்டில் வைக்க மனைவி இடம் கொடுக்கவில்லை. தவிர, முதியவர்கள் நடுவே அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தால் அடுத்த வருட விண்ணப்பத்துக்கு உதவும். அவர் எங்கே நிற்பது என்று வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தபோது யோகா வந்து அட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை. இரண்டு பால் பெட்டிகளைக் கவிழ்த்து, அதன்மேல் அட்டையைப் படுக்க வைத்து, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தாள். நல்ல வழவழப்பான அட்டை. தட்டுகள் வரிசையாக ஏறின. ஆணையத் தலைவியின் கையெழுத்தின்மேல் யாரோ தேங்காய்ச் சம்பலைக் கொட்டினார்கள். தலைவர் வாயைத் திறந்தார். யாரும் கவனிக்கவில்லை. தனேஸ்வரி அவர் கையில் இடியப்பத் தட்டு ஒன்றைக் கொடுத்து, "அங்கிள், அந்தக் கோடியில இருக்கவங்களுக்குப் போடுங்க" என்றாள். அவர் போடத் தொடங்கினார். எத்தனை மணித்தியாலம் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அட்டையின் ஓரத்தில், ஆளில்லாத ஒரு இடத்தில், ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை யோகா அருமைநாதனுக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். இனிக் கொண்டுவந்து தர முடியாது அங்கிள், நீங்கள்தான் வர வேண்டும் என்றாள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கேதீஸ்வரன் டாக்ஸியோடு போய் வெகு நேரமாகியும் திரும்பவில்லை. சொதி இரண்டாம் முறை சூடாகிவிட்டது.

வெளியே கேதீஸ்வரனின் டாக்ஸிச் சத்தம் கேட்டு நின்றது. யோகா கரண்டியைக் கையில் பிடித்தபடியே குசினி வாசலுக்கு வந்தாள். ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அது கேதீஸ்வரன் இறங்கியது. பேச்சுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தட்டும் கையுமாக எல்லோரும் வாசலைப் பார்த்து, இரண்டாவது கதவின் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.