செத்த புல்லுக்குப் பலகை

டெக்ஸாஸில் மழை கண்ணிலேயே படாமல் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒற்றைப்படை எண் வீடுகள் செவ்வாய்க்கிழமை, இரட்டைப்படை வீடுகள் வியாழக்கிழமை புல்லுக்குத் தண்ணீர் விடலாம் என்றது நகராட்சி. பிறகு யாருமே விடக்கூடாது என்றது. அதுவரை நியாயம். டெல்பர்ட் குடியிருந்த தெருவின் வீட்டுக்காரர் சங்கத்துக்குத்தான் கிறுக்குப் பிடித்தது.

மாதாமாதம் நல்ல பச்சைப் புல்தரையில் ‘இந்த மாதத்தின் சிறந்த முற்றம்’ என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போவது சங்கத்தின் வழக்கம். பச்சையாக இருந்தாலே திருட்டுத் தண்ணீர் என்றான பிறகு அந்தப் பலகையைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதானே? சங்கத் தலைவி வெல்டா விடவில்லை. எவர் வீட்டுப் புல் நன்றாகச் செத்திருக்கிறதோ அவருக்கே பலகை என்று அறிவித்துவிட்டாள். ஒரு பச்சைப் புல் தெரிந்தாலும் தள்ளுபடி.

டெல்பர்ட்டுக்கு அன்றைக்குத்தான் விடிவுகாலம் பிறந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பத்தொன்பது வருஷமாக அவர் வாசலில் புல் உருப்பட்டதே இல்லை. வெல்டாவின் எச்சரிக்கைக் கடிதம் வராத கோடையும் இல்லை. தெருப் பெண்கள் அவர் மனைவி நடீனிடம், பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லையா என்று விசாரிப்பதுபோல, “புல்லு இன்னும் வரலையா?” என்று விசாரிப்பார்கள். அவள் குன்றிப்போவாள். ஒரே ஒரு மாதமாவது அந்தப் பலகை அவள் வாசலில் நிற்க வேண்டும். டெல்பர்ட்டுக்கு வேறு ஆசையே இல்லை.

போட்டியும் லேசுப்பட்டதல்ல. எதிர்வீட்டு ஹோமர் புல்லில் மூட்டை மூட்டையாக உப்பைத் தூவினார். மூலைவீட்டுக்காரி தலைமுடி உலர்த்தும் மெஷினோடு புல்மேல் தவழ்ந்துகொண்டிருந்தாள். டெல்பர்ட் காலாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“புல்லைச் சாகடிக்க எனக்கா சொல்லித் தரணும்?”

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தின் தேர்வுக் குழு வருவதாக இருந்தது. குப்பைத் தொட்டி வாசல்பக்கம் தெரியக்கூடாது என்று சங்கத்தில் இன்னொரு சட்டம். ஒன்பதே முக்காலுக்கு அதை நகர்த்தினார் டெல்பர்ட். தூக்கிவாரிப் போட்டது. தொட்டிக்குப் பின்னால், படிக்கட்டை ஒட்டி, ஒரு முறம் அகலத்துக்குப் பச்சைப்பசேலென்று புல்!

“நடீன்! ஓடியா! எவனோ நம்மளைக் கவுத்துட்டான்! ஹோமர் பயதான், திருட்டுத்தனமா தண்ணி ஊத்தியிருக்கான்!”

நடீன் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “அவரு இல்லய்யா. நான்தான்.”

“நீயா?”

“பாத்திரம் அலசுன தண்ணிய ஊத்துனேன். ஒரு நாள் பாத்தா முளைச்சிருக்கு. பிடுங்கிரலாம்னுதான் போனேன், கை வரலை. நம்ம வீட்டுல வந்த மொத புல்லுய்யா.”

“அடிப் பாவி! உனக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்!”

“என்னைக் கேட்டா பண்ணுனே?”

தெருமுனையில் வெல்டாவின் குரல் கேட்டது. டெல்பர்ட் மடக்கு நாற்காலியை அந்தப் பச்சையின் மேல் விரித்து, படியில் கிடந்த ஒரு போர்வையை அதன்மேல் தரைவரை தொங்கவிட்டு, சப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

வெல்டாவும் இரண்டு உறுப்பினர்களும் பூதக்கண்ணாடியோடு முழங்காலில் ஊர்ந்து பார்த்தார்கள். ஒரு பச்சைப் புல்கூட இல்லை. “அற்புதம்! சுடுகாடு தோத்துது போங்க!” என்றாள் வெல்டா. “எந்திரிங்க டெல்பர்ட், பலகையோட ஒரு போட்டோ.”

“இடுப்பு பிடிச்சுக்கிச்சு வெல்டாம்மா. உக்காந்தே எடுத்துக்குவோம்.”

“சரி சரி. எல்லாம் நடீன் புண்ணியம்! தொட்டதெல்லாம் கருகிப் போற கை. அதுவும் ஒரு நாளைக்கு உதவுது பாருங்க!”

மூவரும் சிரித்தார்கள். நடீன் தலையைக் குனிந்துகொண்டாள். டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. பலகை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாசமாய்ப் போகட்டும் என்று எழுந்தார், நாற்காலியை ஒரு உதை விட்டார்.

“கருகிப் போற கையா? இங்க வந்து பாருங்கம்மா! நல்லா கண்ணாடிய வெச்சுப் பாருங்க! என் பொண்டாட்டி வளத்தது!”

வெல்டாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்தாள், புகார்ச்சீட்டில் விறுவிறுவென்று எழுதினாள், கிழித்து நடீன் கையில் திணித்தாள். பலகை எதிர்வீட்டு ஹோமரின் உப்புக்காட்டுக்குப் போய்விட்டது.

“மன்னிச்சுரு நடீன். கைக்கு வந்த பலகையை நானே தட்டி விட்டுட்டேன்” என்றார் டெல்பர்ட்.

நடீன் காதில் அது விழவில்லை. சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். “‘படிக்கட்டருகே இரண்டடிக்கு இரண்டடி, ஆரோக்கியமான, அடர்ந்த பச்சைப் புல்.’ கீழ கையெழுத்து வெல்டா.”

இன்னொரு முறை படித்தாள், இந்தத் தடவை மெதுவாக.

“அடர்ந்தன்னு போட்டிருக்காய்யா” என்று சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.