ஏறாத கோபுரம்

என் கணவன் அதெல்மோவுக்கு உயரம் என்றால் தலை சுற்றும் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அவன் இரும்புக் கடைக்காரன். மேல்தட்டில் இருக்கும் ஒரு தாழ்ப்பாளுக்காக ஏணியில் குரங்கு மாதிரி ஏறுவான். கூரையில் ஓடு உடைந்தால் ஆள் கூப்பிட மனசு வராமல் தானே மேலே போய் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களோடு கதை பேசுவான். கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் தினமும் பார்த்தவள் நான். அப்படியும் பொலோன்யா கோபுரத்தில் மட்டும் அவனுக்குத் தலை சுற்றும் என்றதை நம்பினேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே என்பார்கள். என் மதி அப்படி இருந்தது.

பொலோன்யா அவன் சட்டம் படித்த ஊர். படிப்பின் கடைசி வருஷத்தில் அவனுடைய அப்பா இறந்துபோக, எங்கள் சின்ன ஊருக்குத் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தான். பட்டம் வாங்கவில்லை. எங்கள் நாட்டில் பட்டம் வாங்கியவன் எவனும் ‘தோத்தோரே’தான், அதாவது டாக்டர். ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை, பட்டம் இருந்தால் போதும். அதனால் முடிவெட்டும் பியெரோ இவனுக்கு ‘முக்கால் தோத்தோரே’ என்று பெயர் வைத்தான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. “முக்கால் தோத்தோரே, அரைக் கிலோ ஆணி குடுங்க” என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எடைபோடுவான். நானும் சிரிப்பேன். அதெல்லாம் அவனுக்கு மறந்துபோன சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தேனிலவும் பொலோன்யாவில்தான் நடந்தது. தான் சாப்பிட்ட மெஸ், தூங்கி வழிந்த வகுப்பு, மழைக்கு ஒதுங்கிய வளைவுகள் எல்லாவற்றையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினான். ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் அடியில் வந்ததும் பேச்சு நின்றுபோனது. மேலே ஏறிப் பார்க்கலாம் என்றேன். மதியம் மூடிவிடுவார்கள் என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் உள்ளேயிருந்து வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார்கள். புதுப்பெண்டாட்டி அதையெல்லாம் கேட்கலாமா? கேட்கவில்லை. பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முட்டி வலி என்றான். அதற்கப்புறம்தான் தலைசுற்றல் வந்து சேர்ந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

லிரா போய் யூரோ வந்த வருஷம், எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் மிர்த்தா கடை ஷட்டரைத் தானே இழுத்து மூடினாள். ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், அதுவரை இந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள் என்று எங்களைக் காரில் ஏற்றிவிட்டாள். ராவென்னா, ஃபெராரா, வெரோனா, திரும்பி வரும் வழியில் பொலோன்யா. சாலை வரைபடம் என் மடியில். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று குறை சொல்லிக்கொண்டே அவன் வண்டி ஓட்டினான். சந்தோஷமாக இருந்தோம், அதை மறைப்பானேன்.

ராவென்னாவில் தேவாலயக் கூரையின் வண்ணக்கல் சித்திரங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். ஃபெராராவில் பூசணிக்காய் அடைத்த பாஸ்தாவை இரண்டு வேளையும் சாப்பிட்டோம். அங்கே கோட்டைக் கோபுரத்தில் அவன் எனக்கு முன்னால் படபடவென்று ஏறிப் போனபோதே எனக்குள் ஏதோ நெருடியது. வெரோனாவில் குட்டு வெளிப்பட்டது. அங்கே இருக்கும் உயரமான கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. நான் அதில் ஏறினேன். இவன் படிக்கட்டுதான் உடம்புக்கு நல்லது என்று நடந்தே வந்தான். வந்தவன் மேல்மாடத்தின் கம்பியில் வயிற்றைச் சாய்த்துக் கீழே எட்டிப் பார்த்து, “இனெஸ், இங்க வா, நம்ம கார் தெரியுது” என்று கூப்பிட்டான்.

“உனக்குத் தலை சுத்தலையா?” என்றேன்.

“எதுக்குச் சுத்தணும்?” என்றான்.

தன் பொய்யைத் தானே மறந்துவிட்டான். தலைசுற்றல் இல்லை, முட்டி வலியும் இல்லை, உலகத்தில் எந்தக் கோபுரமும் ஏறுவான், பொலோன்யா கோபுரத்தில் என்னோடு மட்டும் ஏறமாட்டான் என்றால், அது வேறு ஒருத்தியின் கோபுரம். படிக்கிற காலத்தில் எல்விரா என்று ஒருத்தி இவனுக்குப் பாடமெல்லாம் எழுதிக் கொடுப்பாளாம். தேனிலவில் அவனே வாய்தவறிச் சொன்னது. அந்தப் பெயரை நான் மறக்கவில்லை. இந்த மாதிரிப் பெயர்களை எந்தப் பெண்டாட்டி மறப்பாள்?

வெரோனாவிலிருந்து பொலோன்யா வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. என்ன ஆச்சு, வெயிலா, வயிறா என்று கேட்டுப் பார்த்தான். பூசணிக்காய்மேல் பழி போட்டேன். மனசுக்குள் மட்டும் ஒரே சிந்தனை. சிடுசிடுப்போ சிக்கனமோ எதுவானாலும் இவன் முழுசாக என்னுடையவன் என்று எண்ணித்தான் முப்பது வருஷம் இவனோடு வாழ்ந்தேன். அதில் ஒரு மூலையை எவளோ ஒருத்தி தன் பேரில் வைத்திருக்கிறாள் என்றால் மீதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சிரிக்காதீர்கள். ஐம்பத்துநாலு வயதில் வரும் பொறாமை இருபது வயதில் வருவதைவிடப் பொல்லாதது, அதற்கு வேறு வேலை கிடையாது.

பொலோன்யாவில் மதியச் சாப்பாடு முடிந்ததும், இன்றைக்குக் கோபுரம் ஏறுகிறோம் என்றேன். கூட்டமாக இருக்கும் என்றான். போய்ப் பார்த்தால் வரிசையில் இரண்டு ஜெர்மன்காரர்கள்தான் நின்றார்கள். வெயில் ஏறிவிட்டது, நாளைக் காலையில் வரலாமே என்று இழுத்தான். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மன்காரர்களுக்கு நம் பாஷை தெரியாது என்ற தைரியத்தில் உடைத்துவிட்டேன்.

“எல்விராவோட ஏறின கோபுரத்துல என்னோட ஏற மனசு வரலையா உனக்கு?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் இல்லை. நிஜமாகவே விழித்தான்.

“எல்விராவா? அவ கன்னியாஸ்திரியா போயிட்டா, இனெஸ். இப்ப ஆப்பிரிக்காவுல இருக்கா. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புறாளே, அந்த சிஸ்டர் அந்தோனியா. நீதான அதைக் கண்ணாடியில சொருகி வைக்கிற.”

“அப்புறம் ஏன்?” என்றேன். அவன் பக்கத்துச் சுவரைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வளைவுகளுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கும்பல் கத்திப் பாடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு பெண். குழம்பில் போடும் பிரிஞ்சி இலையைக் கிரீடமாகக் கட்டித் தலையில் வைத்திருந்தார்கள். காலையில் பட்டம் வாங்கியவள் என்று அந்தக் கிரீடத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சிநேகிதர்கள் பாடிய பாட்டில் பாதி வெளியே சொல்லக்கூடியதல்ல. அவளுடைய அப்பா கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். அந்தப் பெண் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, “கடைசியில ஏறப்போறேன்” என்றாள்.

அவளுடைய அத்தை என் பக்கத்தில் வந்து நின்று, இத்தனை படிகளை எந்த மகராசன் கட்டினான் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இங்கேயே படித்த பெண் இதுவரை ஏறியதில்லையா என்று அவளைக் கேட்டேன்.

“பட்டம் வாங்குறதுக்கு முன்னாடி ஏறக் கூடாதுங்க. ஏறினா ஜென்மத்துக்கும் படிப்பு முடியாது. இந்த ஊர்ல படிக்கிற எந்தப் பிள்ளையும் ஏறாது, அடிச்சாலும் ஏறாது” என்றாள் அத்தை.

நான் அதெல்மோவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்விராவை நினைத்து இரண்டு நாள் எரிந்த வயிறு குளிர்ந்த சந்தோஷமும் அதில் கலந்திருந்தது. அந்தக் கும்பல் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். “அதெல்மோ, உனக்கு ஐம்பத்தேழு வயசு. மிர்த்தா ஆறு மாசம். தாத்தா ஆகப்போற” என்றேன்.

“ரெண்டே ரெண்டு பரீட்சைதான் பாக்கி. ரோமானியச் சட்டம் ஒண்ணு. சிவில் நடைமுறை ஒண்ணு” என்றான் மெதுவாக.

அதைச் சொன்னதற்காக அவனே வெட்கப்பட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. பியெரோ ‘முக்கால் தோத்தோரே’ என்று கூப்பிடும்போது கல்லாவுக்கு எதிரே நின்று சிரிப்பானே, அதே சிரிப்பு. அது சிரிப்பே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை.

“நீ சொல்றது சரிதான். கிறுக்குத்தனம். வா, ஏறுவோம்” என்று சொல்லி, நேரே போய் இரண்டு டிக்கெட் வாங்கிவந்தான். எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு வாசலுக்குள் நுழைந்தான். உள்ளே மரப்படிகள். ஏணியைக் கண்டால் ஓடுகிறவன், முதல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் சந்தோஷத்துக்காக ஏறப்போகிறான். ஏறிவிட்டால் அவனுக்குள் இத்தனை வருஷம் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பையன் எழுந்து போய்விடுவான். அதை அவனும் தெரிந்தேதான் காலைத் தூக்கினான்.

பின்னாலிருந்து அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“நில்லு. நான் தனியாப் போறேன்.”

“ஏன்? நீதான இத்தனை வருஷமாக் கேட்ட?”

“நீ வந்தா, இந்த மரம் என்ன மரம், இந்த ஆணி என்ன அளவுன்னு வழியெல்லாம் கடைப் பேச்சாப் பேசுவ. என்னால கேக்க முடியாது. போய்க் காப்பி குடி.”

என் முகத்தைப் பார்த்தான். பிறகு தூக்கிய காலைத் தரையில் வைத்தான். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அதெல்லாம் சொல்லிக்கொள்கிறவர்கள் இல்லை. என் தோளிலிருந்த கைப்பையை மட்டும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அவன் டிக்கெட்டை வாங்கி அத்தையிடம் கொடுத்தேன், காசு ஏன் வீணாக வேண்டும்.

அந்தப் படிகளைப் பற்றி அத்தை புலம்பியது நியாயம்தான். ஒவ்வொரு படியும் நடு மிதிபட்டுத் தேய்ந்து சரிந்திருந்தது. பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது அழுதுவிட்டேன். இருட்டில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் மூச்சிரைப்பு என்று நினைத்திருப்பார்கள். இல்லாத ஒருத்தியோடு சண்டை போடத் தெரிந்த எனக்கு, என் வீட்டிலேயே இருந்த அந்தப் படிக்கிற பையனைத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. பரீட்சை எழுது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொல்லியிருக்கலாம்.

மேலே நல்ல காற்று. ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு, அதற்கு அப்பால் குன்றின்மேல் தேவாலயம். கிரீடக்காரப் பெண் தன் கல்லூரி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் கீழே தேடினேன். அவன் காப்பி குடிக்கப் போகவில்லை. என் கைப்பையை மாட்டியபடி நடுத்தெருவில் நின்று, சைக்கிள்காரர்கள் திட்டுவதையும் பொருட்படுத்தாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கேக் பெட்டியைக் கடைசிவரை சுமந்து வந்த அப்பா எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஏன் வரவில்லை, அவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாதா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும்.

“அதெல்லாம் இல்லீங்க. அவருக்கு இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கம்பிக்கு மேலாக எட்டி, கீழே நிற்கும் நரைத்த தலையைப் பார்த்தார். அந்தப் பெண் என் பக்கம் வந்தாள்.

“சட்டமா?” என்றாள்.

“சட்டந்தான். ரோமானியச் சட்டமும் சிவில் நடைமுறையும்.”

“ஐயோ, ரோமானியச் சட்டம் என்னையே ரெண்டு தடவை கவுத்துடுச்சு” என்றாள் அவள். “அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. நல்லாப் படிச்சிட்டே எழுதட்டும்.”