அழுத்தக்காரர்

உம்மே ஹானி ஸ்பூனைச் சாய்த்தாள். ஜம்ஜம் தண்ணீரில் பாதி உள்ளே போனது. மீதி உதட்டோரம் வழிந்து தலையணையை நனைத்தது. துடைத்துவிட்டாள்.

"சொல்லுடா இனாயத்து! வாயத் தொறந்து கலிமா சொல்லுடா!"

கட்டிலின் மறுபக்கம் நின்ற கமர் ஜஹான் குப்பி, அத்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அத்தாவுக்கு ஆறு வயது மூத்த அக்கா. எழுபத்தெட்டிலும் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும்.

அத்தா கண்மூடிக் கிடந்தார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அழுத்தக்காரன்டி உங்கத்தா. நிக்காஹ்ல கபூல்னு சம்மதம் சொல்றதுக்கே மூணு தடவ கேக்க வெச்சான். ஹஜ்ரத் காதக் கொண்டுபோய் இவன் வாயில வெச்சாரு. இப்பவும் இன்னாடா கூச்சம் உனக்கு?"

சிரித்தபடிதான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது முந்தானை வாயில் இருந்தது.

ஆளுக்கொரு பேர் வைத்திருந்தார்கள் அவருக்கு. மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே அவர் ஊமை பாய். சொந்தக்காரர்களுக்கு உம்மணாமூஞ்சி. அம்மா இருந்தவரை, கோபம் வந்தால் கல்லுளிமங்கன் என்பாள். கோபம் தணிந்ததும் அதையே கொஞ்சம் இழுத்துச் சொல்வாள். எந்தப் பேருக்கும் அவர் பதில் சொன்னதில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டு, வந்தவர் முகம் மலர்கிறதா என்று பார்ப்பார். மலர்ந்தால், திருகாணியை இன்னும் அரைச் சுற்று முடுக்குவார்.

தரமணி ஆபீஸிலிருந்து ஓடிவந்த அண்ணன் ரெஹான், கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றான். கையில் போன் ஓயாமல் அதிர்ந்தது.

"குடும்ப குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க ஹானி. கலிமா சொல்லிட்டாரான்னு. துபாய் மாமா வீடியோ கால் போடுன்றாரு."

"ஜனாஸாவுக்கு வர்றவங்களும் முதல்ல அதத்தாண்டி கேப்பாங்க," என்றாள் குப்பி. "இறைவன் ஒருத்தன்தான்னு சொல்ற அந்த ஒரு வரி. அது இல்லாம என் தம்பி போகக் கூடாது."

அவள் கை மறுபடி தோளுக்குப் போனது. ரெஹான் போனை உயர்த்தினான்.

உம்மே ஹானி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் குப்பி. அதட்டி வாங்குற சொல்லா அது? பக்கத்துல மெதுவா ஒரு தடவ சொல்லணும், அவ்ளோதான். ரெண்டு பேரும் ஹால்ல உக்காருங்க. அண்ணே, போன் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது."

"நான் அவன் அக்காடி!"

"எழுபத்திரெண்டு வருஷமா நீங்க கத்தி அவர் பேசல. இன்னிக்கா பேசப் போறாரு?"

குப்பி முறைத்தாள். ஹாலுக்குப் போகாமல் கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்தாள். ரெஹான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

உம்மே ஹானி குனிந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் சொல்வதுபோல, கலிமாவை ஒரே ஒரு முறை சொன்னாள். காத்திருந்தாள். வெளியே பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்தது. அவர் உதடு லேசாக அசைந்தது. சொல்லாக இருக்கலாம், தொண்டையில் நின்ற தண்ணீராகவும் இருக்கலாம். அவள் காதை அருகே கொண்டுபோகவில்லை.

அடுத்த மூச்சு வரவில்லை.

"சொன்னானாடி?" குப்பி கதவைப் பிடித்து எழுந்தாள். அவள் குரல்தானா என்றிருந்தது, அவ்வளவு சின்னதாக.

ரெஹானும் தங்கையையே பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வரப்போகிற அத்தனை பேர் வாயும் அடைபட்டுவிடும். அந்த வார்த்தை உம்மே ஹானியின் நாக்கு வரை வந்தது.

"அது அவருக்கும் அல்லாவுக்கும் நடுவுல, குப்பி. அவருக்குப் பதிலா நான் பேச மாட்டேன். யார் கேட்டாலும் இதான். அண்ணே, மௌத்தாயிட்டாருன்னு மட்டும் போடு."

குப்பி தலையில் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்து, நீட்டினாள்.

உம்மே ஹானி அதை அத்தாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டாள். இறுகிவிட்டதுபோல் இருந்தது. அவிழ்த்து, ஒரு விரல் நுழையும்படி தளர்த்தி, மறுபடி கட்டினாள்.