உள்பக்கத் தாழ்ப்பாள்

பட்டறையில் அவளுக்குத் தாழ்ப்பாள்களை அட்டையில் வைத்துக் கட்டுகிற வேலை. ஓர் அட்டைக்கு ஒரு தாழ்ப்பாள், ஆறு ஸ்க்ரூ. ஊரார் கதவுகளுக்கெல்லாம் காவல் கட்டிக் கொடுப்பவள் படுக்கிற அறைக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. கொடுமையைப் பாருங்கள்.

புருஷன் அடி தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்து ஏழு மாதம். தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அதே வீட்டில் தங்கியிருந்த அண்ணியின் தம்பி எதையாவது தேடுகிற சாக்கில் உள்ளே நுழைவான், அவள் உடை மாற்றுகிற நேரமாகப் பார்த்து. அண்ணனிடம் தாழ்ப்பாள் கேட்டாள்.

"நம்ம வீட்டுக்குள்ள எதுக்குத் தாழ்ப்பாள்? நாங்க என்ன அந்நியமா?" என்றான் அந்தப் பெரிய மனுஷன்.

அதோடு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கழித்துப் போட்ட அட்டைகளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள்.

ஒரு ஞாயிறு மதியம் அட்டைகள் அண்ணி கையில் சிக்கின. "உங்க தங்கச்சி கவிதையெல்லாம் எழுதுறாங்க" என்று சாப்பாட்டு மேசையில் போட்டாள். அண்ணனுக்கு ஒரே குஷி. ஒன்றை எடுத்து மேடைக் குரலில் வாசிக்க ஆரம்பித்தான்:

அங்கே கதவைச் சாத்தி அடித்தான்.
இங்கே கதவைத் திறந்து பார்க்கிறான்.
அண்ணியின் தம்பிக்கு என் அறையில்
தினமும் ஏதோ தொலைகிறது.
அண்ணா, எனக்குத் தொலைந்ததைத் தேட
உன் வீட்டில் யாரும் வரவில்லை.

மூன்றாவது வரியிலேயே குரல் இறங்கிவிட்டது. தம்பிக்காரன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அண்ணன் அட்டையைக் கிழித்தான். "வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்?" என்று அவளைத்தான் கேட்டான். தப்புச் செய்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடன்பிறந்தவனாம்.

மறுநாள் பட்டறை மேஸ்திரியிடம் கேட்டு ஒரு தாழ்ப்பாளும் திருப்புளியும் வாங்கி வந்தாள். வந்த கையோடு கதவில் வைத்து முடுக்க ஆரம்பித்தாள்.

"யாரைக் கேட்டு என் வீட்டுக் கதவுல ஓட்டை போடுற?" என்று அண்ணி ஓடி வந்தாள்.

"கேட்டுப் பாத்தாச்சு அண்ணி" என்றாள். ஆறு ஸ்க்ரூவையும் கை கன்றக் கன்ற முடுக்கி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சற்று நேரத்தில் அண்ணன் வந்து வழக்கம்போலக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. மறுபடி தள்ளினான். கொஞ்சம் நின்றான். பிறகு தட்டினான். ஏழு மாதத்தில் அந்தக் கதவை ஒருவர் தட்டியது அதுதான் முதல் தடவை.

"கதவைத் தொற."

"என்ன விஷயம்னு அங்கேருந்தே சொல்லுண்ணா" என்றாள்.