எடுக்கிறவரா, கொடுக்கிறவரா

"உனக்கு எதையாவது ஒரு தடவையாவது சட்டுனு முடிவு பண்ணத் தெரியுமா?"

கல்யாணமான புதிதில், கடைவீதியில் வைத்து, கணவர் அவளைக் கேட்ட கேள்வி இது. வாங்கப் போனது ஒரு பிளாஸ்டிக் வாளி. சிவப்பைத் தூக்கிப் பார்த்தாள். நீலத்தைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் சிவப்பிடம் வந்தாள். கடைக்காரர் கொட்டாவி விட்டார். கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அன்றைக்கு அவர் வைத்த பெயர்தான் தராசு. அது கொழுந்தன் வாய்க்கும் போனது. "அண்ணி, முள்ளு இப்போ எந்தப் பக்கம் நிக்குது?" என்பான். அவளும் சிரித்துவிடுவாள். பொய்யாகச் சொன்னால்தானே கோபம் வரும்?

வாளியில் குழம்பினால் குடி முழுகிப் போகாது. இப்போது அவள் குழம்பி நின்றது தக்காளிக் காட்டில். அந்த வருஷத்துச் சாப்பாடே அதில்தான் இருந்தது.

பூ வைக்கும் நேரம். செடியின் கொழுந்துகள் சுருண்டு போயிருந்தன. அகலமாக விரிய வேண்டிய இலை, ஒட்டிப்போன விரல்களைப் போல நீண்டு ஒடுங்கி இருந்தது. தண்டு, யாரோ பிடித்துத் திருகி விட்ட மாதிரி வளைந்து கிடந்தது. பூச்சி தின்ற ஓட்டை இல்லை. புள்ளி இல்லை. வாடவும் இல்லை. உயிரோடு இருந்தது, ஆனால் வேறு ஏதோ செடியாக இருந்தது.

கணவர் தோள்பட்டை விலகி, கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். மோட்டார் ரூம் வாசலில் போட்ட கட்டில்தான் அவருக்கு இப்போது நிலம், அலுவலகம் எல்லாம். தராசு ஒடித்துக்கொண்டு போன கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி பத்தலை" என்றார்.

நாற்றுக்காரர் வந்தார். பைக்கை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பார்த்தார்.

"என் நாத்துல குத்தமில்லைங்க. தண்ணி கூடிப்போச்சு."

"அவரு பத்தலைங்கறாரே?" என்றாள் தராசு.

"பத்தாம இருந்து, அப்புறம் கூடிப்போயிருக்கும்" என்றவர், கிக்கரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் இலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வைரஸ்ம்மா. வெள்ளை ஈ கொண்டு வந்து விட்ருது. இதுக்கு மருந்தே கிடையாது." சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தார். "இதைக் கொண்டு போய் அடிங்க."

"மருந்தே கிடையாதுன்னீங்களே?"

"செடிக்குக் கிடையாது. ஈக்கு இருக்கு."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: வைரஸ் என்றால் காட்டோடு பிடுங்கிவிடுவதுதான் நல்லது, வைத்திருந்தால் பக்கத்துக் காட்டுக்கும் பரவும். பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

கணவர் கேட்டார், யோசித்தார், முடிவு பண்ணினார். அவருக்கு அது கைவந்த கலை.

"காலையில டிராக்டர் வரச் சொல்லியாச்சு. உழுதுட்டு, மழைக்கு முன்னால மக்காச்சோளம் போட்டுருவோம். காய்க்கும் காய்க்கும்னு இதைப் பாத்துக்கிட்டே இருந்து, விதைக்கிற பருவமும் போச்சுன்னா? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்."

"நான் எந்த அரசனை நம்பினேன்? ஒருவேளை செடி தேறிடுச்சுன்னா?"

"தேறும்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவள் காட்டுக்குள் இறங்கினாள்.

உழுவதற்கு முன்னால் செடிகளுக்கு முட்டுக் கொடுத்த கம்புகளைப் பிடுங்க வேண்டும். கொழுந்தன் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரைக்கும் வரிசை வரிசையாக நடந்தாள். எதற்கு நடக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மோட்டார் ரூமை ஒட்டிய வரிசைகள் பார்க்கச் சகிக்கவில்லை. நடுவில் போகப் போகச் சுருட்டல் குறைந்தது. கடைசிக் கோடியில், வேலியோரம், செடி செடியாகவே நின்றது. இலை அகலமாக இருந்தது. பூவும் வைத்திருந்தது.

ஈ என்ன, மோட்டார் ரூமிலிருந்து கிளம்பி வரிசை மாறாமல் வருமா? வரலாம். ஈயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

பிறகுதான் ஒன்று தோன்றியது. மோட்டார் ரூம் பக்கமிருந்து ஆரம்பித்தது ஈ இல்லை, அவள். இலைக்குத் தெளிக்கும் சத்து மருந்தை, கணவருக்குக் கை முடியாததால், அவள்தான் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு அடித்தாள். முதல் டேங்க் இந்த வரிசைகளுக்கு. தீர்ந்ததும் மறுபடி ரொப்பினாள். அப்புறம் மறுபடி. வேலியோரம் போய்ச் சேரும்போது டேங்குக்குள் எத்தனையோ முறை புதுத் தண்ணீர் ஊற்றி அலம்பிய மாதிரி ஆகியிருக்கும்.

ஓடிப்போய் மோட்டார் ரூம் மூலையிலிருந்த டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூக்கில் ஏறியது அந்த நெடி. கொழுந்தன் தன் மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடிக்கும் நாட்களில் காற்றில் வரும் நெடி. சோளத்தை விட்டுவிட்டு, அகல இலை வைத்த களையை எல்லாம் முறுக்கிச் சாகடிக்கும் மருந்து. தக்காளிக்கும் அகல இலைதான்.

ஆனால் அந்த அறையில் எல்லா மருந்து பாட்டில்களும் இருந்தன. சுவரே அப்படித்தான் நாறும். மறுபடி முகர்ந்தாள். இப்போது எதுவும் தெரியவில்லை.

டேங்க் அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வீட்டில், எடுக்கிறவர்தான் கழுவ வேண்டும். "அடுத்தவன் கழுவினதை நம்பி நம்ம பயிர் மேல ஊத்தக் கூடாது" என்பது மாமியார் காலத்துச் சட்டம். தராசு பிறந்த வீட்டில் நேர் எதிர். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுப்பது போல, கொடுக்கிறவர்தான் கழுவித் தர வேண்டும். எது சரி என்று அவளால் முடிவு பண்ண முடியாததால், இங்கே வந்த நாளிலிருந்து எடுக்கும்போதும் கழுவினாள், கொடுக்கும்போதும் கழுவினாள். கணவர்கூடச் சிரித்தார்: "டேங்கு தேஞ்சு போயிரப் போவுது."

சத்து மருந்து அடித்த அன்றைக்கு மட்டும் மேகம் திரண்டுகொண்டு வந்தது. "மழைக்கு முன்னால அடிச்சு முடி" என்று கட்டிலிலிருந்து சத்தம். கொழுந்தன் வைத்துவிட்டுப் போன டேங்க் வெளியெல்லாம் ஈரமாக, சொட்டிக்கொண்டு நின்றது. கழுவித்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். பிறந்த வீட்டுப் புத்தி.

கொழுந்தன் வந்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வந்ததும் வராததுமாகக் கம்பைப் பிடுங்க ஆரம்பித்தான். இதே கம்புகளை, அண்ணனுக்குக் கை முடியாமல் போன சமயத்தில், வெயிலில் நின்று ஒற்றை ஆளாக நட்டவன் அவன்தான். தன் சோளத்தை விட்டுவிட்டு வந்து நட்டான்.

"நட்டவன் கையாலயே புடுங்க வச்சுட்டீங்களே அண்ணி."

"நானா வச்சேன்? உங்க அண்ணன் உத்தரவு."

"நீங்க என்ன சொல்றீங்க? உழலாமா, வேண்டாமா? முள்ளு எங்க நிக்குது?"

"ஆடிக்கிட்டேதான் இருக்கு தம்பி."

"ஆடட்டும், ஆடட்டும். நின்னுட்டா ஊரே பயந்துரும்."

அவன் சிரித்தான். அவள் ஒரு சணல் முடிச்சை அவிழ்த்தாள். கேட்கலாமா? கேட்டால் குற்றம் சொன்ன மாதிரி ஆகும். கேட்காவிட்டால் காலையில் டிராக்டர் வந்து நிற்கும். முடிச்சு அவிழ்ந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, அன்னைக்கு டேங்க் கொண்டு வந்து வச்சீங்களே. அதுக்கு முன்னால சோளத்துக்கு அடிச்சீங்களா?"

"ஆமா. களைமருந்து."

"அப்புறம் கழுவினீங்களா?"

"நான் எதுக்குக் கழுவணும்? நம்ம வீட்ல எடுக்கறவங்கதானே..." கையில் கம்போடு நிமிர்ந்தான். "வெளியில மேலாப்புல தண்ணி ஊத்திட்டு வச்சேன், முதுகுல மாட்டறப்ப உங்க மேல படக் கூடாதேன்னு. உள்ள நீங்க கழுவுவீங்கள்ல? நீங்கதான் எப்பவும் ரெண்டு தடவ..."

பாதியில் நின்றுவிட்டான். முதல் வரிசையைப் பார்த்தான். அங்கிருந்து வேலியோரம் வரைக்கும் அவன் பார்வை மெல்லப் போய்விட்டுத் திரும்பியது. அவன் சோளக்காட்டு வரப்பிலே திருகிக் கிடந்த களைகளை அவனைவிட அதிகம் பார்த்தவர் யார்?

யார் மேல் தப்பு? வழக்கப்படி அவன் செய்தது சரி. அவள் மேல் மருந்து படக்கூடாது என்று ஊற்றிய தண்ணீர்தான் அவளை ஏமாற்றியது. எல்லா நாளும் கழுவியவள் ஒரு நாள் நம்பினாள். அந்த ஒரு நாளின் பலன்தான் இந்தச் செடி. இதை எந்தத் தட்டில் வைப்பது?

"என்னடா, கம்பு புடுங்கற சத்தத்தையே காணோம்?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் செடிகிட்ட யோசனை கேக்கறீங்களா?"

கொழுந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னால் அண்ணன் விடமாட்டார். தோள் சரியாகிற வரைக்கும் திட்டுவார், சரியானதும் தம்பி காட்டோடு பொதுவான வரப்பில் வேலி போடுவார். சொல்லாவிட்டால், எதைச் சொல்லி டிராக்டரை நிறுத்துவது?

தராசு குனிந்து பக்கத்துச் செடியைப் பார்த்தாள். சுருண்ட இலைக்குக் கீழே, கணுவில், நகக்கண் அளவுக்கு ஒரு துளிர். அது அகலமாகத்தான் வருகிற மாதிரி இருந்தது. சின்ன இலை எல்லாமே முதலில் அப்படித்தான் தெரியுமோ என்னவோ.

கட்டில் பக்கம் நடந்தாள்.

"டிராக்டரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன், நோய் இல்லையா?"

"தெரியலை."

"அப்ப தேறிடுமா?"

"அதுவும் தெரியலை."

"ஒண்ணும் தெரியாமயா வேண்டாங்கற?"

"தெரியாமதான் வேண்டாங்கறேன். உழுதுட்டா தெரியவே தெரியாதுல்ல?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தராசின் முள் ஒரே இடத்தில் நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அது உள்ளே இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. விதைக்கிற பருவமும் தவறி, செடியும் தேறாமல் போனால், இந்த வார்த்தையைச் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார். சரியாகத்தான் சொன்னோமா? கொழுந்தனைக் காப்பாற்றச் சொன்னோமா, செடியைக் காப்பாற்றவா, இல்லை நம்மையேவா? அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முனகிக்கொண்டே அவர் போனை எடுத்தார்.

திரும்பிப் பார்த்தாள். பிடுங்கிய கம்புகளைக் கொழுந்தன் அதே குழிகளில் மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் ஊன்றி, காலால் மண்ணை மிதித்து, செடியைச் சணலால் இழுத்துக் கட்டினான். வளைந்த தண்டைக் கட்டும்போது மட்டும் கை மெதுவாகப் போனது.

"என்னடா, நீயும் அவ கட்சியா?" என்றார் கணவர், போனைக் காதில் வைத்தபடி.

அவன் கடைசிக் கம்பையும் மிதித்து இறுக்கினான். முடித்துவிட்டு மோட்டார் ரூமுக்குள் போனான். டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். தராசுக்கு நேரே வந்தபோது ஏதோ சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தான். முகத்தைத் துடைத்தான். அவளைத் தாண்டி வரப்பில் ஏறி நடந்தான்.

கோபமா, வெட்கமா? டேங்கைக் கழுவ வாய்க்காலுக்குப் போகிறானா, இனி உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவில் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போகிறானா? வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் அதே வரப்புதான். சோளம் அவன் தலையை மறைக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.