கேட்காமல் போன ஊர்

வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுக்கூட வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுதியின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். குருவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எந்திரி இன்ஜினியர். பஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்புது."

"எங்கேக்கா?"

"கடலுக்கு! ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம். கடைசி நேர டிக்கெட்டு, அடிமாட்டு விலைக்குக் கெடைச்சுது."

"துணி இன்னும் காயலையே."

"ஈரத்தோட பையில போடு. அங்க அடிக்கிற காத்துல தானா காஞ்சுடும்."

குருவி அவளோடு ஒரே அறையில் இருப்பவள், இரண்டு வயது மூத்தவள், மருந்தியல் படிக்கிறாள். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். பட்டு அயல்நாட்டில் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப்போனவள் அவள்தான். பட்டுவின் ஃபோன் வேலை செய்யவில்லை என்று தன் ஃபோனைக் கொடுத்து, "முதல்ல அம்மாகிட்ட பேசு, பதறிட்டு இருப்பாங்க" என்றதும் அவள்தான். கூடப் பிறந்த அக்கா இருந்தால்கூட இப்படிப் பார்த்துக்கொள்வாளா என்று பட்டு பலமுறை நினைத்ததுண்டு.

பட்டு என்பது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். இங்கே அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து யாரையும் கேட்காமல் அவள் ஓர் இடத்துக்குப் போனதே இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போவதென்றாலும் அப்பா ஒரு கேள்வி கேட்பார், அம்மா ஒன்பது கேள்வி கேட்பாள், கடைசியில் அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விட்டு, வாசலிலேயே காத்துக்கொண்டிருப்பான். இப்போது, ஈரத் துணி மடியில் இருக்க, பெயர்கூடச் சரியாக வாயில் நுழையாத ஓர் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, அம்மா ஃபோன் பண்ணினா லைப்ரரில இருக்கேன்னு சொல்லிடப் போறேன். நீங்களும் எதுவும் உளறிடாதீங்க."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்?" என்று குருவி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அந்த ஊரில் தங்கியது ஒரு விடுதியில், எட்டுப் பேர் படுக்கும் அறையில், ஏணி வைத்த மேல்கட்டிலில். ஈரத் துணியைக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டார்கள். காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும். ஒரே தேநீரை இரண்டு காகிதக் கோப்பையில் பங்கு போட்டுக் குடித்தார்கள். பட்டுவுக்கு அதுவே விருந்தாக இருந்தது.

"கொஞ்சம் தலையை வாரு. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்க" என்றாள் குருவி.

"கடலுக்குப் போறதுக்கு எதுக்குக்கா அலங்காரம்?"

"ஃபோட்டோ எடுக்க வேணாமா?"

துறைமுகத்தின் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது எதிரே ஒருவன் வந்தான். குருவி அடையாளம் கண்டு கூவினாள். சித்தி மகனோடு படித்தவனாம், இங்கே கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலையாம். என்ன ஆச்சரியம், பாரேன்! அவன் ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னான். அலட்டல் இல்லாத ஆள். கலங்கரை விளக்கத்தின் கீழே பாறையில் உட்கார்ந்து மூவரும் வெகுநேரம் பேசினார்கள்.

முன்பின் தெரியாதவனிடம் பேசுவதில் ஒரு சுதந்திரம் இருந்தது. காங்கிரீட் கட்டிகளை வார்த்து, இறுகவைத்து, பிறகு மெஷினில் வைத்து நசுக்குவதுதான் தன் படிப்பு என்று அவள் சொன்னபோது அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பாலம் கட்டும் கம்பெனியில் சேர வேண்டும், இப்போதைக்கு ஊர் திரும்புகிற எண்ணம் இல்லை என்று, வீட்டில் வாயே திறக்காத விஷயத்தையெல்லாம் சொன்னாள். அவனை அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது.

குருவி தண்ணீர் வாங்கி வருவதாக எழுந்து போனாள். அவர்களும் மெல்ல நடந்தார்கள். பட்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள்.

"செருப்பு கடிக்குதா பட்டு?" என்றான் அவன்.

அவள் நின்றுவிட்டாள். "என்ன சொன்னீங்க?"

"சாரி. உங்கம்மா ஃபோன்ல பட்டு பட்டுன்னே சொன்னாங்களா, அதுவே வாயில வந்துடுச்சு."

"எங்கம்மாவா? உங்ககிட்டயா?"

அவன் முகம் வெளிறியது. "உங்களுக்குத் தெரியும்னாங்களே. 'அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, ஒண்ணும் தெரியாத மாதிரிதான் நடந்துப்பா, நீங்களும் அப்படியே இருங்க தம்பி'ன்னாங்க. ரெண்டு வீட்டுலயும் பேசி முடிச்சு, நாம பாக்கறது மட்டும்தான் பாக்கின்னு…"

பட்டு காலையிலிருந்து சிரித்த சிரிப்பு, பேசிய பேச்சு, எல்லாவற்றையும் யாரோ எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். உடம்பு கூசியது.

"இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேங்க" என்றான் அவன். அது பொய்யாகத் தெரியவில்லை. "வீட்டுல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"என்ன வேணா சொல்லுங்க. என்னைக் கேக்காம நடந்ததுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?"

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

குருவி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். பட்டுவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"கடைசி நேர டிக்கெட்டாக்கா?"

குருவி பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க. எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம். அம்மா ரொம்ப அழுதாங்கடி. உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்…"

"எங்கம்மா உங்ககிட்ட எதுக்கு அழணும்?"

"வாரா வாரம் பேசுவாங்க. நீ வந்த நாள்லேருந்தே. என்னையும் கண்ணு கண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு யாரு இருக்கா அப்படிக் கூப்பிட?"

பட்டுவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் பருவத்தில் ஒரு தேர்வில் தோற்று, சாப்பிடாமல் போர்வைக்குள் அழுது கிடந்தாள். மறுநாளே அம்மா ஃபோன் செய்து, "என்னமோ மனசு கெடந்து அடிச்சுக்குதுடி. சாப்பிட்டியா?" என்றாள். ஆயிரம் மைல் தாண்டியும் பெற்ற வயிறு அறிகிறதே என்று அன்று அவள் உருகிப்போனாள். அதை நினைத்து எத்தனையோ நாள் தெம்பாக இருந்திருக்கிறாள்.

"அதுவும் நீங்க சொன்னதுதானா?"

எதைக் கேட்கிறாள் என்றுகூடக் குருவிக்குப் புரியவில்லை. "நான் எல்லாத்தையும்தான் சொல்லுவேன். நல்லதுதானே சொன்னேன்" என்றாள்.

தங்கியிருந்த விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்து பட்டு வீட்டுக்கு ஃபோன் செய்தாள். அம்மா எடுத்த எடுப்பில், "பையன் எப்படிடி?" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்பியா?"

"கேட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப. பெத்தவளுக்குத் தெரியாதா?"

ஆமாம், மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லும் வாய்ப்பைத்தானே பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல வந்தாள். சொல்லாமலே ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் முழுவதும் தனியாகவே நடந்தாள். கடல் அதே கடல்தான். ஆனால் அம்மா காட்டச் சொல்லி யாரோ காட்டுகிற கடலாகிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தூக்கத்தில் குருவியின் தலை அவள் தோளில் சாய்ந்தது. பட்டு அதை மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பின்னால் காலியாக இருந்த இருக்கைக்குப் போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் மேல்மாடியில் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே இருந்தவள் தமிழ் தெரியாத பெண். பெட்டியைத் தூக்கக் குருவி வந்தாள், அழுதாள். பட்டு மறுபக்கப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். பையன் வீட்டில் ஒத்துவரவில்லை என்று சொல்லி விலகிவிட்டார்கள். நல்ல இடம் கைநழுவிப் போனதற்கு அம்மா அவளைத்தான் குறை சொன்னாள்.

சமையலறையில் அவ்வப்போது குருவியைப் பார்க்க நேரும்.

"சாப்டாச்சா?" என்பாள் குருவி.

"ஆச்சுக்கா."

பேச்சு அவ்வளவோடு நின்றுவிடும். தட்டை எடுத்துக்கொண்டு பட்டு மாடி ஏறிவிடுவாள். நல்ல தமிழில் வாய்விட்டுச் சண்டை போடக்கூட அந்த ஊரில் குருவியை விட்டால் அவளுக்கு வேறு ஆள் கிடையாது.